வெற்றிப் பட்டியலில் ஒரு வரி: 2019ஆம் ஆண்டின் விளையாட்டு முடிவுகளும் அந்தமான் தீவுகளும்

ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் அவ்வாண்டின் விளையாட்டு வெற்றிகள் பட்டியலாகத் தொகுக்கப்படுகின்றன. போட்டித் தேர்வு எழுதும் மாணவர்கள் அப்பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். எந்தப் போட்டி, எந்த ஊர், வென்றவர் யார் என்ற மூன்று வினாக்களுக்கும் விடை தெரிந்துவிட்டால் போதுமென்று கருதப்படுகிறது. நிர்வாகத் துறையினரும் பெரும்பாலும் அதே பட்டியலைக் கொண்டே ஒரு திட்டம் பயன் தந்ததா இல்லையா என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால் அப்பட்டியலின் ஒரு வரி உருவாக எத்தனை ஆண்டுகள் ஆயின, அந்த வரி எழுதப்பட்ட பின் என்ன நேர்ந்தது என்பவை அதில் இடம்பெறுவதில்லை. 2019ஆம் ஆண்டு இவ்வகையில் ஆராய்வதற்கு ஏற்ற ஆண்டாகும். ஒலிம்பிக் போட்டியோ ஆசிய விளையாட்டுப் போட்டியோ நடைபெறாத ஆண்டாயினும், அதன் முடிவுகள் பல வகைகளில் சிந்தனைக்குரியவை. அவற்றுள் ஒன்று, நாட்டின் தலைநிலத்திலிருந்து கடலால் பிரிக்கப்பட்ட அந்தமான் நிக்கோபார் தீவுகளோடு தொடர்புடையது.

போர்ட் பிளேர் நகரத்தின் (2024 செப்டம்பர் முதல் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) விமான நிலையத்தை ஒட்டி அமைந்துள்ள குடியிருப்புப் பகுதி லம்பா லைன். 'லம்பா' என்னும் இந்திச் சொல்லுக்கு நீளம் என்பது பொருள். பெயரில் நீளம் இருந்தாலும், இந்நகரத்தின் சாலைகளில் நெடுந்தொலைவு சமதளமாக மிதித்துச் செல்ல இயலாது. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் குன்றுப் பாங்கான ஊர் இது. தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி, நிக்கோபாரி எனப் பல மொழிகள் வழங்கும் இவ்வூரிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல் தொலைவில் உள்ளது. கப்பலில் வர மூன்று நாட்கள் வரை ஆகும். தீவுகளிலிருந்து டில்லிக்கோ வெளிநாட்டுக்கோ போட்டியிடச் செல்லும் இளைஞர், லம்பா லைனை ஒட்டிய இந்த ஓடுபாதையிலிருந்தோ துறைமுகத்திலிருந்தோதான் புறப்பட வேண்டும். வேறு வழியில்லை.

2019 ஆகஸ்டு மாதத்தில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் (ஓடர்) நகரில் நடைபெற்ற உலக ஜூனியர் ஓடுதளச் சைக்கிள் சாம்பியன்ஷிப் போட்டியில், ஆடவர் அணி ஸ்பிரிண்ட் பிரிவில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. சைக்கிள் விளையாட்டில் எந்த வயதுப் பிரிவிலும் இந்தியா பெற்ற முதல் உலகத் தங்கம் அதுவே. அணியில் இடம்பெற்றவர்களுள் ஒருவர் அந்தமான் நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன். ரொனால்டோ சிங் லைடோன்ஜம், ரோஜித் சிங் இருவரும் மணிப்பூர் மாநிலத்தவர். நாட்டின் இருவேறு கோடிகளிலிருந்து வந்தவர்கள் இம்மூவரும் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டின் பட்டியல்களில் இச்செய்திக்கு ஒரு வரி கிடைத்தது. சிலவற்றில் அதுவும் கிடைக்கவில்லை. இந்த ஒரு வரியின் பொருளை உணர, அவ்வாண்டின் பிற முடிவுகளையும் சேர்த்து நோக்குதல் நலம்.

விதியே வெற்றியாளரைத் தீர்மானித்த ஆண்டு

ஜூலை 14ஆம் நாள் லண்டன் நகரில் ஒரே நேரத்தில் இரண்டு இறுதிப் போட்டிகள் நடைபெற்றன. லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதியாட்டம். நியூசிலாந்து 241 ஓட்டங்கள். இங்கிலாந்தும் 241 ஓட்டங்கள். சூப்பர் ஓவரில் இரு அணியும் தலா 15 ஓட்டங்கள். இதன் பின்னரும் வெற்றி தோல்வி தெரியாததால், அதிகப் பவுண்டரிகள் அடித்த அணி என்ற முறையில், 26க்கு 17 என்ற கணக்கில் இங்கிலாந்து சாம்பியனாக அறிவிக்கப்பட்டது. இவ்விதி அவ்வாண்டு அக்டோபரிலேயே நீக்கப்பட்டது. இனி அரையிறுதியிலும் இறுதியிலும் முடிவு தெரியும்வரை சூப்பர் ஓவர் தொடரும் எனச் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் அறிவித்தது. விதி மாறியது, கோப்பை மாறவில்லை.

அதே நாளில் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையர் இறுதியில் ஜோகோவிச் பெடரரை 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்ற கணக்கில் வென்றார். ஆட்டம் 4 மணி 57 நிமிடம் நீடித்தது. மொத்தப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் பெடரர் 218, ஜோகோவிச் 204. கடைசிச் செட்டில் வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி தேவைப்பட்ட நிலையை இருமுறை எட்டியவரும் பெடரரே. எனினும் எந்தப் புள்ளியை எப்போது பெறுவது என்பதில்தான் டென்னிஸ் ஆட்டத்தின் கணக்கு இருக்கிறது. கடைசிச் செட்டில் 12-12 என்ற நிலையில் டை-பிரேக் ஆட வேண்டுமென்ற விதி அவ்வாண்டுதான் விம்பிள்டனில் நடைமுறைக்கு வந்திருந்தது.

அக்டோபர் 12ஆம் நாள் வியன்னா நகரில் கென்யாவின் எலியூட் கிப்சோகே மாரத்தான் தொலைவை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடி முடித்தார். மனித வரலாற்றில் அத்தொலைவை இரண்டு மணிக்குள் கடந்தவர் அதுவரை எவரும் இல்லை. ஆயினும் அது உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. அது திறந்த போட்டியன்று. வேகம் காட்டும் ஓட்டக்காரர்கள் முறைவைத்து மாறிமாறி அவருக்கு முன்னும் பின்னும் ஓடினார்கள். அந்த ஓட்டத்தின்போது சாதனை ஏட்டில் இருந்ததும் அவருடைய நேரமே. 2018இல் பெர்லினில் அவர் ஓடிய 2 மணி 1 நிமிடம் 39 வினாடி. புள்ளிவிவரம் கையாளும் அலுவலர்களுக்கு இதில் வியப்பேதும் இராது. எதைக் கணக்கில் சேர்ப்பது என்ற வரையறை மாறினால் விடையும் மாறும்.

ஏட்டில் ஏறிய வெற்றி பின்னர் அழிக்கப்படுவதும் உண்டு. அவ்வாண்டு ஏப்ரலில் தோகாவில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் தமிழக வீராங்கனை ஒருவர் பெண்கள் 800 மீட்டரில் தங்கம் வென்றபோது மாநிலமே மகிழ்ந்தது. ஊக்கமருந்துச் சோதனையின் முடிவால் 2020இல் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. சீன வீராங்கனைக்கு அது மாற்றி அளிக்கப்பட்டது. 2019இல் அச்சிட்ட பொது அறிவு நூல்களில் பழைய வரி இன்னமும் திருத்தப்படாமல் இருக்கக்கூடும்.

பதினைந்து ஆண்டுக் கணக்கு

இனி, வெற்றி விளையும் காலத்தைப் பற்றிப் பார்க்கலாம். 2019 பிப்ரவரி 1ஆம் நாள் அபுதாபியில் ஆசியக் கால்பந்துக் கோப்பையின் இறுதியில் கட்டார் 3-1 என்ற கணக்கில் ஜப்பானை வென்றது. மக்கள் தொகையில் சிறிய நாடு. எண்ணெய் வளமும் எரிவாயு வளமும் மிக்க நாடு. பணம் இருந்ததால் வென்றது என்று கூறுவது எளிது. ஆனால் பணம் எப்போது, எதில் செலவிடப்பட்டது என்பதே கேள்வி. ஆஸ்பயர் அகாடமி என்னும் இளையோர் பயிற்சி நிலையத்தைக் கட்டார் 2004இல் நிறுவியது. 2019 அணியில் பலர் அங்குச் சிறுவர்களாகச் சேர்ந்து வளர்ந்தவர்கள். முதலீட்டுக்கும் விளைவுக்கும் இடையில் 15 ஆண்டு இடைவெளி. நமது ஐந்தாண்டுத் திட்டக் காலங்களோடு ஒப்பிட்டால் மூன்று திட்டங்களின் கால அளவு அது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. ஆகஸ்டு 25ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பி.வி. சிந்து ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவை 21-7, 21-7 என்று 38 நிமிடத்தில் வென்று உலகப் பாட்மிண்டன் சாம்பியனானார். இப்பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவரே. அந்த 38 நிமிடத்துக்கு முன் 2013இலும் 2014இலும் வெண்கலம், 2017இலும் 2018இலும் வெள்ளி என நான்கு பதக்கங்கள் இருந்தன. 2017 இறுதியில் அவரைத் தோற்கடித்தவரும் இதே ஒகுஹாராதான். அதே பாசல் போட்டியில் சாய் பிரணீத் பெற்ற வெண்கலம், 1983இல் பிரகாஷ் படுகோனே பெற்றதற்குப் பிறகு ஆடவர் ஒற்றையரில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். இரண்டுக்கும் இடையே 36 ஆண்டுகள்.

அதே வாரம், அதே நகரில், மாற்றுத்திறனாளிகளுக்கான உலகப் பாட்மிண்டன் போட்டியும் நடைபெற்றது. 2011இல் சாலை விபத்தொன்றில் ஒரு காலை இழந்த மானசி ஜோஷி அதில் தங்கம் வென்றார். சிந்துவின் வெற்றி நாடெங்கும் முதல் பக்கச் செய்தியாயிற்று. மானசியின் வெற்றியை மக்கள் அறியச் சில நாட்கள் ஆயின. பட்டியலில் இடம்பெறுவதற்கும் ஒரு போட்டி இருக்கிறது போலும்.

மற்றவற்றை விரைந்து கூறிவிடலாம். மல்யுத்தத்தில் நூர்-சுல்தான் நகரில் (இன்றைய அஸ்தானா) தீபக் பூனியாவின் வெள்ளி உட்பட இந்தியாவுக்கு 5 பதக்கங்கள். எக்கத்தரின்பர்க் நகரில் ஆடவர் உலகக் குத்துச்சண்டையில் அமித் பங்கல் வெள்ளி வென்றார். அப்போட்டியில் இறுதிக்கு முன்னேறிய முதல் இந்தியர் அவர். மேரி கோம் உலன்-உதே நகரில் தமது எட்டாவது உலகப் பதக்கத்தைப் பெற்றார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையிலும், நவம்பரில் சீனாவின் புத்தியான் நகரில் நடந்த உலகக் கோப்பை இறுதிச் சுற்றிலும் தங்கம் வென்றார். சென்னைச் சிறுவர் பிரக்ஞானந்தா 14 வயதில் 18 வயதுக்குட்பட்டோருக்கான உலகச் சதுரங்கப் பட்டத்தை மும்பையில் பெற்றார். டிசம்பரில் கொனேரு ஹம்பி மாஸ்கோவில் உலக விரைவுச் சதுரங்கச் சாம்பியனானார். வெளிநாடுகளில், யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32-12 என்று வென்று ரக்பி உலகக் கோப்பையைப் பெற்ற தென்னாப்பிரிக்க அணியின் தலைவர் சியா கோலிசி, அப்பொறுப்பை ஏற்ற முதல் கறுப்பினத்தவர். பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தை அமெரிக்கா வென்றது. சம ஊதியம் கோரித் தங்கள் சங்கத்தின் மீதே வழக்குத் தொடர்ந்திருந்த நிலையில் அவ்வணியினர் அக்கோப்பையை வென்றார்கள், 2022இல் 2.4 கோடி டாலர் அளவில் அவ்வழக்கு சமரசமாயிற்று. சைக்கிள் உலகின் தலையாய சாலைப் பந்தயமான டூர் டி பிரான்சை 22 வயதுக் கொலம்பியர் ஈகன் பெர்னால் வென்றார். நூறாண்டைக் கடந்த அப்பந்தயத்தில் லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்த முதல் வெற்றியாளர் அவர்.

ஓடுதளத்தில் 750 மீட்டர்

பெர்னால் வென்ற பந்தயம் மூன்று வாரச் சாலைப் பயணம். அந்தமான் இளைஞர் பங்குபெற்ற அணி ஸ்பிரிண்ட் ஒரு நிமிடம்கூட நீடிக்காதது. நம் வாசகர்களில் பலருக்கு இவ்விளையாட்டு அறிமுகமில்லாதது ஆகையால் சிறிது விளக்குவது பொருத்தமாகும்.

சர்வதேச ஓடுதளம் நீள்வட்ட வடிவானது. பொதுவாக 250 மீட்டர் சுற்றளவும் மரத்தால் ஆன தரையும் கொண்டது. வளைவுகளில் தரை சுவர்போல் 40 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்கும். மெதுவாகச் சென்றால் சைக்கிள் சறுக்கிக் கீழே விழும். விழாமல் இருப்பதற்கே வேகம் வேண்டும். ஓடுதளச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. பின்சக்கரத்தோடு மிதி பிணைக்கப்பட்டிருப்பதால் சக்கரம் சுழலும்வரை காலும் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். ஆடவர் அணி ஸ்பிரிண்டில் மூவர் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சுற்று ஓட்டுவர். முதலில் செல்பவர் காற்றைக் கிழித்து வழிவிட்டு ஒரு சுற்றோடு விலகுவார். இரண்டாமவர் அடுத்த சுற்றோடு விலகுவார். மூன்றாமவர் எல்லைக் கோட்டைக் கடக்கும் நேரமே அணியின் நேரம். எனவே முதல் இருவர் எல்லையைக் கடப்பதே இல்லை. ஆனால் அவர்களின்றி மூன்றாமவரின் வேகம் இல்லை.

கெய்ரின் என்பது வேறு வகை. இது 1948இல் ஜப்பானில் பந்தயச் சூதாட்டமாகத் தொடங்கியது. மோட்டார் பொருத்திய வண்டியொன்று முதல் சுற்றுகளில் முன்னே சென்று வேகத்தைப் படிப்படியாக உயர்த்தும். அது விலகியதும் பின்தொடர்ந்தோர் எல்லையை நோக்கிப் பாய்வர். 2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் எய்கில் நகரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில், ஈசோ ஆல்பன் இப்பிரிவில் வெள்ளி வென்றார். செக் நாட்டு வீரருக்கும் அவருக்கும் இடையே 0.017 வினாடி வேறுபாடு. சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. அடுத்த ஆண்டு பிராங்க்பர்ட்டில் அணித் தங்கத்தோடு, கெய்ரினில் மீண்டும் வெள்ளியும், தனிநபர் ஸ்பிரிண்டில் வெண்கலமும் அவருக்குக் கிடைத்தன.

தீவிலிருந்து எப்படி?

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி ஒன்றியப் பிரதேசத்தின் மொத்த மக்கள் ஏறத்தாழ 3.8 லட்சம். சென்னை மாநகரின் ஒரு பகுதியில் இதைவிட அதிக மக்கள் வசிக்கின்றனர். இத்தீவுகளிலிருந்து தேசிய அளவில் சைக்கிள் வீரர்கள் தொடர்ந்து வருவதற்குக் காரணமென்ன? சிலர் இதை இயற்கையான உடல் வலிமை என்று கூறி முடித்துவிடுகின்றனர். படகுப் போட்டி, மல்யுத்தம், கால்பந்து ஆகியவற்றில் நிக்கோபாரிகளுக்கு உள்ள ஈடுபாடு உண்மையே. ஆனால் உடல் வலிமை மட்டும் ஒருவரைச் சைக்கிள் வீரராக்காது; சைக்கிள் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், உணவும் தங்குமிடமும் வேண்டும். 1984இல் தோற்றுவிக்கப்பட்ட இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் போர்ட் பிளேரில் அமைந்தது. லம்பா லைனிலிருந்து சில கிலோமீட்டரில், கடலோரத்தில் உள்ள நேதாஜி விளையாட்டரங்கு தீவு இளைஞர்களுக்குப் பயிற்சிக் களமாக விளங்கிவருகிறது. இங்கே திறமை கண்டறியப்பட்டவர்கள் டில்லிக்கு அனுப்பப்பட்டனர். 2010 காமன்வெல்த் போட்டிக்காக இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தில் கட்டப்பட்ட உள்ளரங்க மர ஓடுதளம் அங்கிருந்தது. அப்போட்டி முடிந்தபின் அவ்வரங்கம் பூட்டிக்கிடந்திருக்கலாம். நம் நாட்டில் அத்தகைய கட்டடங்களுக்குக் குறைவில்லை. தேசியச் சைக்கிள் பயிற்சி அங்கே இடம்பெற்றதால் அது உயிர்பெற்றது. ஈசோவும் மணிப்பூர் இளைஞர்களும் ஒரே அணியாக இணைந்ததும் அங்கேதான், ஆர்.கே. சர்மா அவர்களுக்குப் பயிற்சியளித்தார்.

ஆகவே 2019ஆம் ஆண்டுத் தங்கத்துக்கு அடித்தளம் மூன்று கட்டங்களில் இடப்பட்டது. தீவில் ஒரு சிறிய மையம். தலைநகரில் ஒரு பெரிய அரங்கம். இரண்டையும் இணைத்த விமானப் பயணம். இந்த மூன்றில் ஒன்று அறுந்திருந்தாலும் பிராங்க்பர்ட் வரி எழுதப்பட்டிராது.

ஈசோவுக்கு முன்பே இவ்வழியில் சென்றவர் டெபோரா ஹெரால்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கார் நிக்கோபார் உள்ளிட்ட தென் தீவுகள் பேரழிவுக்குள்ளாயின. அப்பேரலையில் சிறுமியாக உயிர் பிழைத்தவர் அவர். பின்னர் இந்தியாவின் முன்னணிச் சைக்கிள் வீராங்கனையாகித் தேசியச் சாதனைகளையும் ஆசியக் கோப்பைப் பதக்கங்களையும் பெற்றார். சுனாமிக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பணிகளைக் குறிக்கும் அறிக்கைகளில் வீடுகள், படகுத்துறைகள், சாலைகள் ஆகியவற்றின் எண்ணிக்கை காணப்படும். ஒரு சிறுமி சைக்கிள் பயிற்சிக்குச் சேர்ந்ததை எந்தத் தலைப்பின் கீழ்ச் சேர்ப்பது என்பது எளிதான வினா அன்று.

நிர்வாக நோக்கிலும் ஒன்று கூற வேண்டும். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில், 33ஆம் இனத்தில் உள்ளது. மாநிலங்கள் தத்தம் வருவாய்க்கேற்ப விளையாட்டு விடுதிகளும் பரிசுத் திட்டங்களும் நடத்துகின்றன. அரியானா, தமிழ்நாடு போன்றவை பதக்கம் வென்றோருக்குப் பெருந்தொகையும் அரசுப் பணியும் வழங்குகின்றன. அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் இல்லை. மத்திய அரசின் நேரடி நிர்வாகத்திலுள்ள பகுதி அது. இதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. மத்திய ஆணையத்தின் மையம் அமைவதில் தடை குறைவு. ஆனால் திறமையுள்ள வீரர் பதினேழு வயதில் தலைநிலத்துக்குப் போனபின் அவருக்குப் பின்னே நின்று குரல் கொடுக்க ஒரு மாநில அமைச்சரவை இல்லை. போட்டிகளுக்கான பயணச் செலவு வேறு. அரியானா வீரர் பேருந்திலோ ரயிலிலோ ஓரிரவில் தேசியப் போட்டிக்குப் போய்ச் சேரலாம். தீவு வீரர் தம் சைக்கிளைப் பிரித்துப் பெட்டியிலடைத்து விமானத்தில் ஏற்ற வேண்டும்.

தங்கத்துக்குப் பின்

ஜூனியர் பிரிவு என்பது 17, 18 வயதினருக்கு உரியது. 2001இல் பிறந்த ஈசோவுக்கு 2019 அப்பிரிவின் கடைசி ஆண்டு. 2020 பிறந்ததும் அவர் உலகின் முழு வளர்ச்சியடைந்த வீரர்களோடு மோத வேண்டியவரானார். வேறுபாடு எவ்வளவு? ஜூனியர் இந்திய அணி 750 மீட்டரை 45 வினாடிக்குச் சற்றுக் குறைந்த நேரத்தில் முடித்தது. 2020 பிப்ரவரியில் பெர்லின் நகரில் நெதர்லாந்து சீனியர் அணி அமைத்த உலகச் சாதனை 41.225 வினாடி. மூன்று வினாடி என்பது காதுக்குச் சிறியது. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அது 50 மீட்டரைத் தாண்டும். அதாவது சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு.

இவ்வேறுபாடு உடல் வளர்ச்சியால் தானாகக் குறைந்துவிடுவதன்று. இருபது வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை எடைப் பயிற்சி, உலகக் கோப்பைப் போட்டிகளில் தொடர்ந்த பங்கேற்பு, பல லட்ச ரூபாய் மதிப்புள்ள கார்பன் சைக்கிள்கள், காற்றுத் தடையை அளக்கும் கருவிகள் ஆகிய அனைத்தும் சேர்ந்தால்தான் குறையும். மேலும் ஒலிம்பிக் நுழைவு முறையும் கடினமானது. அணி ஸ்பிரிண்டில் 8 நாடுகளுக்கு மட்டுமே இடம். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பல கண்டங்களில் நடக்கும் போட்டிகளின் தரவரிசைப்படி அவ்விடங்கள் நிரப்பப்படும். அணியாக இடம் பெறும் நாட்டின் வீரர்களுக்குத் தனிநபர் பிரிவுகளும் திறக்கும். ஆகையால் ஒரே ஒரு சிறந்த வீரர் போதாது. ஏறக்குறைய ஒரே தரத்தில் மூவர், அவர்களுக்கு மாற்றாக ஒருவர், தொடர்ந்து நான்காண்டு கட்டிக்காக்கப்பட வேண்டும்.

அந்த நேரத்தில்தான் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சுக்குப் பின் பயிற்சி முகாம்கள் முடங்கின, போட்டிகள் நின்றன. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியச் சைக்கிள் வீரர் எவரும் இல்லை. 2024 பாரிஸ் போட்டியிலும் இல்லை. 1964இல் நடந்த முந்தைய டோக்கியோ போட்டியே ஒலிம்பிக்கில் இந்தியச் சைக்கிள் வீரர்கள் கலந்துகொண்ட கடைசிப் போட்டியாக இருந்துவருகிறது.

இதைக் கொண்டு 2019 தங்கம் வீணாயிற்று என்று முடிவு கட்டுவது அவசரம். 2022 ஜூனில் டில்லியில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில், அதே அணியைச் சேர்ந்த ரொனால்டோ சிங் சீனியர் ஸ்பிரிண்டில் வெள்ளி வென்றார். அப்போட்டியில் அதுவரை எந்த இந்தியரும் தனிநபர் பிரிவில் அந்நிலையை எட்டியதில்லை. அதே ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் (அதன் ஓடுதளச் சைக்கிள் பந்தயங்கள் லண்டனில் நடத்தப்பட்டன) 2019 அணியின் வீரர்கள் மீண்டும் இந்தியாவுக்காக ஓட்டினர். பதக்கம் கிடைக்கவில்லை. கட்டாரின் கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தால், டில்லி மர ஓடுதளம் கட்டப்பட்டதிலிருந்து 15 ஆண்டுகள் 2025இல்தான் நிறைவுற்றன. ஆனால் கட்டார் அந்த 15 ஆண்டும் ஒரே குழுவினரைச் சிறுவயது முதல் சீனியர் வரை கைவிடாமல் கொண்டுசென்றது. நம் திட்டங்களில் பணம் கண்டறியும் கட்டத்திலும் பரிசளிக்கும் கட்டத்திலும் தாராளமாகச் செல்கிறது. 19 வயதுக்கும் 23 வயதுக்கும் இடைப்பட்ட கட்டத்தில் மெலிந்துவிடுகிறது. பதக்கம் வராத அந்த ஆண்டுகளில் வீரருக்கு உதவித்தொகையும் போட்டி வாய்ப்பும் எந்த அளவுகோலின்படி தொடர்வது என்பதற்குப் பட்டியல் உதவாது; ஆண்டுக்காண்டு அவர் வினாடியில் எத்தனை பங்கு குறைத்தார் என்ற பதிவே உதவும். அத்தகைய பதிவுகள் பயிற்சியாளர்களின் ஏடுகளில் இருக்கின்றன. நிதி ஒதுக்கும் மேசைக்கு அவை அரிதாகவே வருகின்றன.

தீவுகளிலிருந்து வருவோர் நிற்கவில்லை. 2020 ஜனவரியில் குவகாத்தியில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சைக்கிள் தங்கம் வென்றவர்களுள் ஒருவர் கார் நிக்கோபாரைச் சேர்ந்த டேவிட் பெக்காம் எல்கடோசூங்கோ. ஆங்கிலக் கால்பந்து வீரரின் பெயரைத் தாங்கிய அவர் அப்பெயருக்காகவே செய்தித்தாள்களில் அதிகம் பேசப்பட்டார். பின்னர் அவரும் டில்லிக்குப் பயிற்சிக்குச் சென்று, 2022 காமன்வெல்த் அணியில் ஈசோவோடும் ரொனால்டோவோடும் இடம்பெற்றார். கார் நிக்கோபாரிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலில் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். அங்கிருந்து லம்பா லைன் ஓடுபாதை வழியே தலைநிலம்.